கலைக்கூடப் புதுப்பிப்பு: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் புதுப்பிப்பு வேலை முடிந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முடிப்போம் என்று பொதுக்குழுவில் சொன்னோம். ஒன்பது மாதம் ஆயிற்று. மதிப்பீட்டைவிட ஆறில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்தார்கள் என்ற பேச்சு வேண்டாம். தணிக்கை செய்த கணக்கைத் தனியாக அனுப்பியிருக்கிறோம். கணக்கில் தொகை இருக்கும், காரணம் இருக்காது. காரணத்தைச் சொல்லத்தான் இந்த அறிக்கை.

மேல்தள ஒழுகல் அடைக்கப்பட்டது. ஒயரிங் முழுவதும் மாற்றப்பட்டது. தரை மெருகேற்றப்பட்டது. வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடப்பட்டது. சேமிப்பறைக்கு இரும்பு அலமாரிகள் வந்தன. சுவர்ப் பலகைகளுக்குப் பின்னால் பிளைவுட் அடித்திருப்பதால் இனி எந்த இடத்திலும் ஆணி நிற்கும். இவற்றில் ஒரு தகராறும் இல்லை. எனவே எழுதவும் ஒன்றுமில்லை.

தகராறு வந்தது விளக்கில்.

திறப்பு நாளன்று என் காதுபடவே மூன்று பேர் சொன்னார்கள்: "கூடம் இருட்டாக இருக்கிறது." மூத்த உறுப்பினர் ஒருவர் கைபேசி டார்ச்சை அடித்து ஒரு நீர்வண்ணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தும் அணைக்கவில்லை. இவ்வளவு செலவு செய்து இருட்டையா வாங்கினீர்கள் என்று பிறகு எழுத்திலும் கேட்டிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

வேலை தொடங்குமுன் நிரந்தரச் சேகரிப்பில் உள்ள படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றினோம். சட்டத்துக்குள் படத்தின் ஓரத்தை மூடி நிற்கும் பழைய மவுண்ட் அட்டைகளில் அமிலம் ஏறி, சாளரம் வெட்டிய விளிம்பெல்லாம் பழுப்பாகிக் கிடந்தது, அதைத்தான் எதிர்பார்த்தோம். எதிர்பாராதது அந்த ஏரிக்கரைப் படம். நுழைந்ததும் இடப்பக்கம் தொங்குமே, சாம்பல் வானமும் சாம்பல் தண்ணீருமாக, அதுதான். மவுண்ட்டைத் தூக்கியபோது, அது மூடியிருந்த விரல் அகல ஓரம் முழுக்க வானம் நீலமாக இருந்தது. பளிச்சென்ற நீலம். ஓவியர் வரைந்தது மழைக்கால மாலை என்று இத்தனை காலம் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தோம். அவர் வரைந்தது வெயில் நாள். மழையைக் கொண்டுவந்தது நம் குழல்விளக்கும் மேற்குச் சன்னலும்.

அந்த நீல விளிம்பைச் சுற்றி நின்றுகொண்டுதான் குழு முடிவெடுத்தது. படத்தின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். காகிதத்தில் உள்ள படங்களுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ், அதற்கு மேல் இல்லை. இது நாங்கள் கண்டுபிடித்த எண் அல்ல. அருங்காட்சியகங்கள் பல பத்தாண்டுகளாகக் கடைப்பிடிப்பது. வெளிச்சத்தில் நீர்வண்ணம் வெளிறும் என்பதை ரசல், ஆப்னி என்ற இருவர் பிரிட்டனில் சோதித்து 1888இலேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள். நாம்தான் படிக்கவில்லை.

வெளிச்சத்தின் கேடு சேமிப்புக் கணக்கு மாதிரி: போடப்போடச் சேரும், எடுக்க வழியில்லை. சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு வழிகாட்டி, எளிதில் வெளிறும் பொருள்களுக்கு ஆண்டுக்கு 15,000 லக்ஸ் மணி (லக்ஸை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) என்று வரம்பு வைக்கிறது. 300 லக்ஸில் நாளுக்கு எட்டு மணி நேரம் விளக்கெரித்தால் 2,400. ஆறே நாளில் ஓராண்டுப் பங்கு காலி. 50 லக்ஸில் எரித்தால் அதே பங்கு முப்பத்தேழு நாள் வரும். ஒரு கண்காட்சி நடத்த அது போதும். நீர்வண்ணப் படங்களை ஆண்டு முழுவதும் மாட்டாமல் சுழற்சியில் மாட்டுவதும் இதனால்தான். "எங்கள் ஆசிரியரின் படத்தை ஏன் உள்ளே வைத்துவிட்டீர்கள்" என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

இது சிறிய கூடத்தின் பயம் என்று நினைப்பவர்கள் ஹார்வர்டைப் பார்க்கட்டும். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ அந்தப் பல்கலைக்கழகத்துக்கென்றே வரைந்த ஐந்து பெரிய ஓவியங்களை 1964இல் ஒரு மாடி உணவுக் கூடத்தில் மாட்டினார்கள். பெரிய சன்னல்கள், நல்ல வெயில். அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெயில் தாங்காதது. சிவப்பு நீலமாக வெளிறிப்போய், 1979இல் கழற்றிச் சேமிப்பறைக்குக் கொண்டுபோனார்கள். 2014இல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது, படத்தைத் தொடாமல், போன நிறத்தை மட்டும் புரொஜெக்டர் வெளிச்சமாக மேலே பாய்ச்சினார்கள். புரொஜெக்டரை அணைத்ததும் வெளிறிய படம்தான் மிஞ்சும். ஹார்வர்டுக்கு அதற்கு வசதி இருந்தது. நமக்குச் சன்னல் திரைக்கே இரண்டு முறை நன்கொடை கேட்க வேண்டியிருந்தது.

இனி ஒப்பந்தக்காரர் விஷயம். பெயர் வேண்டாம் என்று குழு தீர்மானித்திருக்கிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒயரிங்கும் அவர்தான் செய்தார், அதை நேர்த்தியாகச் செய்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

டெண்டரில் நாங்கள் கேட்டது: டிராக்கில் நகர்த்தக்கூடிய எல்.இ.டி. ஸ்பாட் விளக்குகள், 3,000 கெல்வின், அதாவது சற்று மஞ்சளான வெளிச்சம், நிறம் காட்டும் திறன், அதாவது சி.ஆர்.ஐ., 90க்குக் குறையக்கூடாது; ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக டிம் செய்ய, அதாவது வெளிச்சத்தைக் குறைக்க, முடியவேண்டும். வந்து மாட்டியது: இன்னும் வெள்ளையான 4,000 கெல்வின், விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவரோ டிம் ஆகாதது. பில்லில் மட்டும் டிம் ஆகும் என்று இருந்தது. கூரை உயரத்தில் இருக்கும் விளக்கின் பின்பக்கத்தை யார் ஏணி வைத்துப் படிக்கப்போகிறார்கள்? நாங்களும் படிக்கவில்லை. இயற்பியல் துறையில் இரவல் வாங்கிய லக்ஸ் மீட்டரைப் படம் தொங்கும் இடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் 340 காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்றார் ஒப்பந்தக்காரர். இன்னொரு மீட்டர் வாங்கினோம். அது 345 காட்டியது.

வெளிச்சம் அதிகம் என்று புகார் சொல்லும் வாடிக்கையாளரை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னார். அதில் பொய் இல்லை என்றே நினைக்கிறேன். கடைக்கும் அலுவலகத்துக்கும் விளக்குப் போடுபவரிடம் குறைவாகப் போடு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முதலில் சுவரில் ஒரு டிம்மர் வைத்துக் கொடுத்தார். திருகைக் குறைத்ததும் விளக்குகள் துடிக்க ஆரம்பித்தன. கைபேசிக் கேமராவில் பார்த்தால் படத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடின. கொஞ்ச நேரம் நின்றால் தலைவலி. பிறகு, ஒன்று விட்டு ஒன்றை அணைத்துக்கொள்ளுங்கள் என்றார். அணைத்துப் பார்த்தோம். ஒரு படத்தின் நெற்றியில் வெளிச்சம், பக்கத்துப் படத்தின் காலில் இருட்டு. மூன்றாவதாக விளக்கு வாயில் வெள்ளைத் தாள் ஒட்டலாம் என்றபோது, குழுவில் மிகப் பொறுமையான உறுப்பினரே எழுந்து வெளியே போய்விட்டார்.

பதினோரு கடிதங்கள், நான்கு கூட்டங்கள். கடைசியில் அவர் டெண்டரை எடுத்து மேசையில் வைத்து ஒரு வரியைச் சுட்டினார்: "அல்லது அதற்கு இணையானது." வாட் இணையாக இருக்கிறது, அளவு இணையாக இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்றார். அந்த வரியை எழுதியது யார் என்று போன பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். அன்று பதில் வரவில்லை. எழுதியது நான். ஒரே கம்பெனிப் பொருளைக் கேட்டால் சலுகை காட்டினோம் என்று பேச்சு வரும் என்பதால் சேர்த்தேன். எதில் இணையாக இருக்கவேண்டும் என்று இன்னும் நான்கு சொல் எழுதியிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

நீதிமன்றம் போயிருக்கலாமே என்பவர்களுக்கு: வழக்கறிஞரான உறுப்பினர் ஒருவரே அந்த வரியைப் படித்துவிட்டு வேண்டாம் என்றார். பில்லில் டிம் ஆகும் என்று எழுதியது ஒப்பந்தக்காரர் தவறு, இணையானது என்று எழுதியது நம் தவறு என்று பேசி முடித்தோம். ஒப்பந்தக்காரருக்குத் தரவேண்டியதில் நாங்கள் பிடித்து வைத்திருந்த பத்து சதவீதம் நம்மிடமே நின்றது. சரியான விளக்குகளின் விலையில் மூன்றில் இரண்டு பங்கை அவர் ஏற்றார். மீதி நம் தலையில். கூடுதல் செலவில் பெரும்பகுதி இதுதான்.

மிச்சம் கூடுதல் பெயின்டாலும் காத்திருப்பாலும் வந்தது. பெயின்ட் அடித்து முடித்தபின்னும் நான்கு வாரம் ஏன் பூட்டி வைத்தீர்கள், வாட்ச்மேன் சம்பளம் தண்டம்தானே என்று ஒரு கடிதம். புதுப் பெயின்டும் பிளைவுட்டும் வெளிவிடும் ஆவி காகிதத்துக்கும் உலோகத்துக்கும் ஆகாது. மூக்குக்கு வாடை தெரியாமல் போன பிறகும் அது வந்துகொண்டிருக்கும். கதவைத் திறந்து காற்றாட விட்டுத்தான் ஆகவேண்டும்.

கண்ணாடி போட்ட சுவர்த் துண்டைப் பற்றி நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. கெட்ட சுவருக்கு ஏன் சட்டம் என்கிறார்கள். பழைய பெயின்டைச் சுரண்டும்போது மேற்கு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கடுக்காக நிறம் வந்தது: வெள்ளை, அதன் கீழ் சாம்பல், கரும்பச்சை, மறுபடி வெள்ளை, அடியில் மங்கிய மெரூன். அதே நேரத்தில் இந்தக் கூடத்தில் நடந்த கண்காட்சிகளின் பதிவேட்டை அழைப்பிதழ்களையும் வருகையாளர் நோட்டுகளையும் வைத்துத் தொகுத்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் அதைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கரும்பச்சை, உருவப்படக் கண்காட்சிக்காக அடித்தது. அழைப்பிதழின் பின்னால் பெயின்ட் கணக்கே பென்சிலில் இருந்தது. மெரூன் முதல் அச்சோவியக் கண்காட்சி. நடுவில் வரும் வெள்ளை, இறுதியாண்டு மாணவர் கண்காட்சிக்கு அவர்களே ஒரே இரவில் அடித்ததாம்; தூரிகை மயிர் இன்னும் ஒட்டியிருக்கிறது. படங்களைத் தனித்தனியாக இடைவெளி விட்டு வெள்ளைச் சுவரில் மாட்டுவது எங்குமே 20ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். நம் சுவரிலும் அது எப்போது வந்து ஒட்டியது என்று அந்தத் துண்டில் பார்க்கலாம். கண்ணாடிக்கு ஆன செலவை நானே கொடுத்துவிட்டேன், கணக்கில் தேட வேண்டாம்.

பதிவேட்டில் இடைவெளிகள் உண்டு. ஓராண்டுக்கு அழைப்பிதழ் இல்லை, நோட்டு மட்டும் இருக்கிறது. அதில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மழைக்கு ஒதுங்கினேன். இரண்டாவது அறையில் உள்ள கழுதைப் படம் நன்று." எந்தக் கண்காட்சி, யாருடைய கழுதை என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய மாணவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் சொல்லுங்கள்.

கூடுதல் செலவுக்குச் சேகரிப்பிலிருந்து இரண்டு படங்களை விற்றால் என்ன என்று கையெழுத்திட்ட மனு ஒன்று வந்தது. குழு ஒருமனதாக மறுத்தது. 2009இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம், பண நெருக்கடியில் தன் ரோஸ் கலை அருங்காட்சியகத்தை மூடிப் படங்களை விற்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பும் வழக்கும் சேர்ந்து 2011இல் அந்த முடிவைக் கைவிட வைத்தன. நம்மிடம் உள்ளவற்றில் பாதிக்குமேல் வரைந்தவர்களே கொடுத்தவை. கொடுத்தவரிடம் போய், உங்கள் படத்தை விற்று விளக்கு வாங்கினோம் என்று சொல்ல என்னால் முடியாது. மனுவில் கையெழுத்திட்டவர்கள் போய்ச் சொல்வார்களானால் பரிசீலிக்கலாம்.

விற்காமல் ஈடுகட்டியவர்கள் இவர்கள்: ஓவியத் துறையின் முதல் அணி மாணவர்கள், அச்சோவியப் பிரிவின் பழைய மாணவர்கள், இரண்டு தவணையாக, நூலகப் பணியாளர்கள், மீட்டரையும் ஓர் ஆய்வு மாணவரையும் சேர்த்தே இரவல் தந்த இயற்பியல் துறை, அமிலமற்ற அட்டைக்கு வழிகாட்டிய வேதியியல் துறை, சிற்பப் பட்டறை உதவியாளர்கள், தன் கண்காட்சியில் விற்ற முதல் படத்தின் பணத்தை அப்படியே அனுப்பிய இறுதியாண்டு மாணவி, ஓய்வுபெற்ற வரைகலை ஆசிரியர் இருவர், அவர்களில் ஒருவரின் பேரன், உண்டியலோடு, பெயர் வேண்டாம் என்ற மூவர், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நன்கொடையாளர் பலகையில் தேடிய ஒருவர். பலகையில் பெயர்கள் அகர வரிசையில் இருக்கின்றன, தொகை வரிசையில் இல்லை. இதில் மனத்தாங்கல் கொண்டவரிடம் நேரில் பேசியிருக்கிறேன், முழுதாக ஆறவில்லை.

மிச்சமிருப்பவை: சேமிப்பறைக்கு ஈரப்பத மானி இன்னும் வரவில்லை. ஏரிக்கரைப் படம் புது மவுண்ட்டோடு அடுத்த சுழற்சியில் வரும். இந்த முறை அந்த நீல விளிம்பு தெரியும்படி சாளரத்தைப் பெரிதாக வெட்டச் சொல்லியிருக்கிறோம். இருட்டு என்று நினைப்பவர்கள் உள்ளே நுழைந்ததும் தீர்ப்புச் சொல்லாமல், கண் பழக ஐந்து நிமிடம் முன்கூடத்தில் நில்லுங்கள். அதற்காகத்தான் அங்கே பெஞ்சு போட்டிருக்கிறது. பிறகும் சந்தேகம் என்றால் லக்ஸ் மீட்டர் வாட்ச்மேன் மேசையில் இருக்கிறது. நோட்டில் கையெழுத்திட்டு யாரும் எடுத்து அளக்கலாம். கண்ணாடி மேல் வைக்காதீர்கள், திருப்பிக் கொடுக்கும்போது அணைத்துக் கொடுங்கள். இதுவரை இரண்டு பேட்டரி தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
செயலாளர், புதுப்பிப்புக் குழு