ஓவியர் மோர்ஸின் காகிதக் கட்டைப் பிரிக்க உதவியவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். சாமுவேல் மோர்ஸின் கடிதங்களை வைத்து எழுதிக்கொண்டிருந்த தொடர் ஒருவழியாக முடிந்துவிட்டது. படித்தவர்கள் பாராட்டையெல்லாம் என் கணக்கிலேயே வரவு வைக்கிறார்கள். அது நியாயமில்லை. இதில் பாதிக்கு மேல் மற்றவர்களின் உழைப்பு. பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இங்கே இல்லை, ஆனால் படிக்கும்போது தன்னைத்தான் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

மோர்ஸ் என்றால் தந்தி, புள்ளி, கோடு, அவ்வளவுதான் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது. நாற்பத்தைந்து வயது தாண்டும்வரை அந்த மனிதர் படம் வரைந்து பிழைத்தவர், அதுவும் பெரும்பாலும் உருவப்படம், அதாவது காசு கொடுத்து உட்காருகிறவரின் முகத்தை வரைந்து கொடுக்கிற வேலை. அவருடைய கடிதங்கள், நாட்குறிப்புகள், குறிப்பேடுகள் எல்லாம் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு தாளையும் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவும் போட்டிருக்கிறார்கள். முதல் நன்றி அங்கேதான். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தாளை மடிப்பு விரித்து, ஓரம் கிழியாமல் விளக்குக்கு அடியில் வைத்து, பின்பக்கத்தில் ஒன்றுமே எழுதாமல் இருந்தாலும் அதையும் விடாமல் படமெடுத்த கைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. அந்தப் பின்பக்கம் எவ்வளவு முக்கியம் என்று கீழே சொல்கிறேன்.

தேடல் பட்டியல் புரியாமல் நான் அனுப்பிய நீளமான மின்னஞ்சலுக்கு, எந்தத் தொகுதியில் எந்த வருடம் என்று வரிவரியாகப் பதில் எழுதிய நூலகருக்கும் நன்றி. கேட்காத ஒன்றையும் அவர் சொன்னார்: மகன் எட்வர்ட் லிண்ட் மோர்ஸ் 1914-ல் இந்தக் கடிதங்களில் பலவற்றை இரண்டு தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறார், கையெழுத்து பிடிபடாத இடத்தில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மகன் தொகுத்தது என்பதை மறந்துவிடாதீர்கள் என்று. அந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கையெழுத்து என்றதும் அம்மாவைச் சொல்ல வேண்டும். என்னைப் பெற்ற அம்மா இல்லை, நாங்கள் எல்லாரும் அம்மா என்று கூப்பிடும் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. அந்தக் காலத்து அமெரிக்கக் கையெழுத்தில் இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ்ஸை எஃப் மாதிரி நீட்டி இழுத்துவிடுவார்கள், எனக்கு அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது, அம்மாவோ பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கடகடவென்று வாசித்தார். அப்போது உறை கிடையாது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கம் முகவரி எழுதுவார்கள். தாள் கூடினால் தபால் கூலியும் கூடும், பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும், அதனால் ஓரத்திலும் இண்டு இடுக்கிலும்கூட எழுதி நிரப்புவது வழக்கம். பிரிக்கும்போது அரக்கோடு சேர்ந்து காகிதமும் கொஞ்சம் பிய்ந்து வரும், கூடவே ஒரு சொல்லும் போய்விடும். அந்த ஓட்டை வருகிற இடத்திலெல்லாம் அம்மா ஊகித்து நிரப்பவே இல்லை. "பிய்ந்தது பிய்ந்ததாவே இருக்கட்டும், சதுர அடைப்பு போடு" என்பார். தொடரில் சதுர அடைப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இருபது வயதில் லண்டனில் ஓவியம் படிக்கப் போய் இறங்கியதும், 1811 ஆகஸ்டில், மோர்ஸ் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்பதை இந்த நொடியே உங்களுக்குச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் மூவாயிரம் மைலை நொடியில் கடக்க முடியாதே, நாலு வாரம் காத்திருக்க வேண்டுமே என்கிறார். வீட்டை விட்டுத் தூரம் போன எந்தப் பிள்ளையும் எழுதுவதுதான். வயதான பிறகு, தந்தியால் உலகப் புகழ் பெற்ற பிறகு, அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்த மோர்ஸ், அதன் வெளிப்பக்கத்தில், தந்திக்கான ஏக்கம் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது பார் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். தன் காகிதங்களுக்குத் தானே அடிக்குறிப்பு! மனிதருக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம்தான். ஆனால் வெளிப்பக்கத்தையும் விடாமல் ஒருவர் படித்து வைத்ததால்தானே இது நமக்குத் தெரிகிறது, அதற்குத்தான் மேலே அப்படிச் சொன்னேன்.

லண்டனிலிருந்து வந்த இன்னொரு கடிதத்தில் ரஃபேல், மைக்கேலேஞ்சலோ, டிஷியன் வரிசையில் நிற்பதே என் ஆசை, வெறும் உருவப்பட ஓவியனாவதுதான் நோக்கம் என்றால் வேறு தொழிலுக்கே போயிருப்பேன் என்கிறார். ஊர் திரும்பியதும் என்ன நடந்தது? 1816-ல் நியூ ஹாம்ப்ஷயரின் கான்கார்டில் தலைக்கு 15 டாலர் வாங்கிக்கொண்டு முகம் வரைந்தார். அங்கிருந்து வீட்டுக்கு எழுதும்போது ஐந்து படம் முடிந்தது, இன்னும் இரண்டு கையில் இருக்கிறது, இதையே தொடர்ந்தால் சில வருடத்தில் நல்ல காசு பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறார். அதே ஊரில்தான் லுக்ரீஷியா வாக்கரைப் பார்த்தார், 1818-ல் கல்யாணம். அப்புறம் குளிர்காலத்தில் தெற்கே சார்ல்ஸ்டனுக்குப் போய் ஒரு படத்துக்கு 60 டாலர் வாங்கினார். இந்தப் பகுதியை எழுதும்போது கூடவே இருந்து, ஒரு உருவப்படத்துக்கு எத்தனை முறை உட்கார வேண்டும், முகத்தை முடித்துவிட்டு உடையை ஏன் அப்புறம் தனியாக வரைகிறார்கள், அடிப்பூச்சு காயாமல் மேல்பூச்சு போட்டால் ஏன் வெடிக்கும் என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்த ஓவிய நண்பருக்கு நன்றி. அவரும் முகம் வரைந்து பிழைப்பவர்தான், மோர்ஸின் புலம்பலைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் செய்த பெரிய உதவி வேறு. 1837-ல் மோர்ஸ் செய்த முதல் தந்திக் கருவியின் புகைப்படத்தை அவரிடம் காட்டினேன், அது இன்றும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் அதில் சக்கரத்தையும் ஊசலையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சட்டென்று "இது கேன்வாஸ் கட்டுற சட்டம்பா" என்றார். உண்மைதான். கேன்வாஸை இழுத்து அடிக்கும் மரச்சட்டத்தைத்தான் மேஜையோரம் நிறுத்தி, அதிலிருந்து பென்சிலைத் தொங்கவிட்டு, கீழே காகித நாடாவை ஓடவிட்டிருக்கிறார். அருங்காட்சியகக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் குறிப்பைப் படிக்காமல் சொன்னது அவர்தான். அதே வருடம்தான் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் வட்டக்கூடத்துக்கு வரலாற்று ஓவியம் தீட்டும் வாய்ப்பும் மோர்ஸுக்குக் கிடைக்காமல் போனது, அதோடு தூரிகையையும் ஏறக்குறைய கீழே வைத்துவிட்டார். பின்னாளில் எழுத்தாளர் ஃபெனிமோர் கூப்பருக்கு எழுதிய கடிதத்தில், நான் ஓவியத்தைக் கைவிடவில்லை, அவள்தான் என்னைக் கைவிட்டாள் என்கிறார்.

அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட்டை மோர்ஸ் வரைந்த கதை, அந்த லாஃபயெட் அத்தியாயம்தான் தொடரிலேயே அதிகம் பேர் படித்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டியது நியூயார்க்கில் இருக்கும் தோழிக்கு. நகர மன்றத்தில் தொங்கும் அந்த ஆளுயரப் படத்தை நேரில் போய்ப் பார்த்து, வாஷிங்டன், ஃபிராங்க்ளின் மார்பளவுச் சிலைகள் பக்கத்தில் ஒரு பீடம் காலியாக இருக்கிறது, அது லாஃபயெட்டுக்காக, பின்னால் வானம் மாலை வெளிச்சத்தில் இருக்கிறது என்று குரல்பதிவு அனுப்பினாள், அவள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் எழுதினேன்.

நியூயார்க் நகரம் இந்தப் படத்துக்கு ஆள் தேடியபோது பெரிய பெரிய ஓவியர்கள் போட்டி போட்டார்கள், தாமஸ் சல்லி உட்பட. (1832-ல் மோர்ஸுக்குத் தந்தி யோசனை வந்த கப்பலின் பெயரும் சல்லி. தற்செயல்தான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.) வேலை தனக்குத்தான் என்று தெரிந்ததும் மனைவிக்கு எழுதுகிறார், குறைந்தது 700 டாலர், ஒருவேளை 1000 கிடைக்கும் என்று. அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது நமக்கே சந்தோஷமாக இருக்கிறது. 1825 பிப்ரவரியில் வாஷிங்டன் போய் லாஃபயெட்டை உட்கார வைத்து வரைய ஆரம்பித்தார். பிப்ரவரி 10 அன்று, முந்தைய இரவு ஜனாதிபதி மன்றோ கொடுத்த வரவேற்பில் யார் யாரைப் பார்த்தேன் என்று மனைவிக்கு உற்சாகமாக ஒரு கடிதம். லுக்ரீஷியா பிப்ரவரி 7-ஆம் தேதியே நியூ ஹேவனில் இறந்துவிட்டார், வயது 25, மூன்றாவது குழந்தை பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. மோர்ஸின் அப்பா மறுநாளே எழுதிய கடிதம் இன்னும் வழியில் இருந்தது. செய்தி கிடைத்து, வண்டி மாறி மாறி அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

இதை வைத்து, மனைவி சாவுக்குப் போக முடியாத துயரத்தில்தான் தந்தியைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை இணையம் முழுக்கச் சுற்றுகிறது. நானும் அந்தக் கதையை நம்பித்தான் இந்தக் காகிதங்களுக்குள் நுழைந்தேன் என்று சொன்னபோது, தொடரை வாராவாரம் திருத்திக் கொடுத்த அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று: "அவர் எங்க அப்படிச் சொல்லியிருக்கார்?" தேடினேன். நான் படித்த கடிதங்கள் எதிலும் இல்லை. அந்தச் சாவுக்கும் சல்லி கப்பலுக்கும் நடுவே ஏழு வருடம், அதில் அவர் நியூயார்க்கில் ஓவியர்களுக்கென்று அகாடமி தொடங்கித் தலைவராகவும் இருந்திருக்கிறார், பாரிஸ் போய் லூவர் அருங்காட்சியகக் கூடத்தை, சுவரில் முப்பத்தெட்டு பழைய ஓவியங்களோடு, ஒரே கேன்வாஸில் வரைய ஆரம்பித்திருக்கிறார். (அது 1834-ல் 1300 டாலருக்குப் போனது, 1982-ல் கைமாறிய விலை 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர்.) கப்பலில் மின்காந்தம் பற்றி ஒரு சக பயணி பேசப்போய்த்தான் தந்தி யோசனை வந்தது. அந்த அழகான கதையை வெட்டச் சொன்னதற்கும், மோர்ஸ் கத்தோலிக்கர்களுக்கும் குடியேறிகளுக்கும் எதிராக எழுதியதையும், 1863-ல் அடிமைமுறையை நியாயப்படுத்தித் துண்டுப்பிரசுரம் போட்டதையும் மழுப்பாமல் எழுத வைத்ததற்கும் அண்ணனுக்கு நன்றி. கொஞ்சம் பேர் அதற்காகக் கோபித்துக்கொண்டார்கள். பரவாயில்லை, மோர்ஸ் எழுதியதைத்தானே நானும் எழுதினேன்.

அப்புறம் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தியில் போன "What hath God wrought" என்ற பைபிள் வாசகத்தின் காகித நாடா அதே காங்கிரஸ் நூலகத்தில்தான் இருக்கிறது. மை கிடையாது, ஊசி அழுத்திய தடம் மட்டும். ஐயா படத்தைப் பார்த்து விரலால் மேஜையில் தட்டிக்கொண்டே வாசித்தார், ஆங்கில எழுத்து ஓ வரும் இடத்தில் நின்றுவிட்டார். அவர் பழகிய ஓவுக்கு மூன்று கோடு, இங்கேயோ இடைவெளி விட்டு இரண்டு புள்ளி. ஆர் வந்ததும் மறுபடி தடுமாற்றம். அது பழைய அமெரிக்கச் சங்கேதம், பிறகு உலகம் முழுக்கப் பரவியது திருத்திய வடிவம் என்று சொன்னதும், "அப்ப இவர் தட்டினா எனக்கே புரியாதா!" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் நன்றி, அவர்களுக்கு இதுபற்றி நிறையச் சொல்ல இருக்கும், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடிதங்களின் தேதிவாரிப் பட்டியலும் அம்மா சரிபார்த்த பெயர்த்தெடுப்புகளும் என்னிடம் கோப்பாக இருக்கின்றன, கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன், எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், சதுர அடைப்பை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். ஐயா, நீங்கள் கேட்ட பழைய சங்கேத அட்டவணையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துவிட்டேன், வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.