ஆண்டறிக்கை 2024–25: எச்சில் இலையும் ஆள்காட்டி முட்டையும்

தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024–25ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தெருவிளக்கு, மழைநீர் வடிகால் மனுக்கள் போன ஆண்டு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த ஆண்டு பெரும்பாலும் ஒரே வேலைக்குப் போனது: சதுப்பு நில ஓரத்தில் சாப்பாட்டுக் கழிவு விழாமல் பார்ப்பது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதையொட்டியே பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் இருக்கிறது. கிடங்கை ஒரு குடியிருப்போர் சங்கம் அசைக்க முடியாது. தெருமுனையில் இரவு நாமே வைக்கும் மூட்டையை நிறுத்தலாம்.

பறவைக்குச் சோறு கிடைத்தால் நல்லதுதானே என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எந்தப் பறவைக்கு என்று பார்க்க வேண்டும். மூட்டையைப் பின்னிரவில் நாய் கிழிக்கும், விடிந்ததும் காகம் இறங்கும். தீனி ஓரிடத்தில் நிலையாகக் கிடைத்தால் அதைச் சுற்றியே காகம் கூடு கட்டும். தன் குஞ்சுக்கு இரை தேடும்போது அக்கம்பக்கத்து முட்டையையும் குஞ்சையும் விடாது. மடையான், கொக்கு, புறா, மைனா என்று எதற்கும் விலக்கில்லை.

அதிகம் அடிபடுவது தரையில் முட்டையிடும் ஆள்காட்டியும் பவளக்கால் உள்ளானும். ஆள்காட்டியின் கூடு என்பது தரையில் ஒரு சிறு குழி, சுற்றிலும் பொடிக்கல், சில சமயம் ஆட்டுப் புழுக்கை. மண் நிறத்தில் கருந்திட்டுகளோடு பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூர்முனை உள்நோக்கி இருக்கும். அடைகாலம் சுமார் 4 வாரம். வெயில் ஏறினால் தாய்ப்பறவை வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். எச்சில் இலைக் குவியலுக்கு வரும் நாயைக் கத்தி விரட்ட அது எழும் ஒவ்வொரு முறையும் முட்டை வெயிலில் கிடக்கும். காகத்துக்கு அந்த இடைவெளி போதும்.

காலப் பொருத்தம் வேறு மோசம். காகம், ஆள்காட்டி, உள்ளான் மூன்றுக்கும் கூட்டுக்காலத்தின் முக்கியப் பகுதி பங்குனியிலிருந்து ஆனி வரை. முகூர்த்தங்கள் குவிவதும் சித்திரை, வைகாசி, ஆனியில்தான். ஆடி பிறந்து பந்தி ஓயும்போது கூட்டுக்காலத்தின் முக்கியப் பகுதி போய்விடுகிறது. (சித்திரையில் குயில் கூவுவதை ரசிக்கிறோம். அது முட்டையிடுவது காகத்தின் கூட்டில். நம் எச்சில் இலைக்கும் அந்தப் பாட்டில் பங்குண்டு.)

காகக் கூட்டைக் கலைக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. தீனி இருக்கும் இடத்தில் ஒரு ஜோடி போனால் அடுத்த ஜோடி வரும்.

மூட்டை வைப்பதற்குப் பதில் கழிவை உரமாக்கும் உரத்தொட்டி முறை இது. 200 லிட்டர் நீல டிரம்மில் பக்கவாட்டில் 12 மி.மீ. துளைகள், 15 செ.மீ. இடைவெளியில். அடியில் ஒரு சாண் உயரம் காய்ந்த சருகு. பிறகு ஒரு வாளி சாப்பாட்டுக் கழிவுக்கு இரண்டு வாளி சருகு. மேலே கழிவு கண்ணில் படவே கூடாது, சோற்றுப் பருக்கை தெரிந்தாலே காகம் வந்துவிடும். வாரம் ஒருமுறை கிளறினால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் உரமாகும்.

தவறு நேர்ந்த இடங்களையும் சொல்ல வேண்டும். சாம்பார், ரசத்தை அப்படியே ஊற்றினால் அடியில் நீர் தேங்கி நாறும். வடிகட்டிவிட்டுப் போடவும். வாழையிலையை முழுசாகப் போட்டால் பாய் விரித்ததுபோல் படிந்து காற்றை அடைக்கும். கையகலத்துக்கு வெட்டிப் போட்டால் சரியாகும். மீன், கோழிக் கழிவு இந்த டிரம்முக்கு ஆகாது, அந்த அளவு சூடு உள்ளே ஏறாது. அதை மூடிய வாளியில் வைத்திருந்து காலையில் தூய்மைப் பணியாளரிடம் நேரே கொடுக்கவும், முந்தின இரவே வாசலில் வைக்க வேண்டாம்.

காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தில் சங்கம் தலையிடவில்லை. அமாவாசைப் பிடி சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். கனுப்பிடி வைப்பது தை மாதம், கூட்டுக்காலத்துக்கு முன்பே. சிக்கல் மீந்த குண்டான் சோற்றில்தான். மாடியில் வைப்பவர்கள் ஒரு கைப்பிடி, உப்பும் ஊறுகாயும் இல்லாமல் வைத்து, மிச்சத்தை எடுத்துவிடவும்.

சிட்டுக்குருவிப் பெட்டி கேட்டவர்களுக்கு: குருவிக் குஞ்சு முதல் சில நாள் வளர்வது புழு பூச்சியில். 100 கிராம் சோற்றில் புரதம் இரண்டரை கிராம் அளவுதான், அது குஞ்சுக்குக் காணாது. தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே பெட்டி மாட்டுவது வீண்வேலை.

ஆள்காட்டிக் கூடு கண்டவர்கள் 30 மீட்டருக்குள் போக வேண்டாம். மனிதர் குனிந்து பார்க்கும் இடத்தைக் காகமும் பார்த்துவைக்கும். குடும்பம் கிளம்பிப் போன பிறகு குழியைப் பார்க்கலாம். அடியில் நகக்கண் அளவு ஓட்டுத் துணுக்குகள் கிடந்தால் குஞ்சு பொரித்திருக்கிறது என்று கொள்ளலாம். பக்கத்தில் பெரிய ஓடு ஓட்டையோடு கிடந்தால் பெரும்பாலும் திருட்டு. தேதி, இடம், முட்டை எண்ணிக்கை மூன்றையும் சங்க நோட்டில் எழுதவும்.

டிரம் மூடிகளில் கம்பிவலை துருப்பிடித்திருக்கிறது. மாசி முடிவதற்குள் மாற்றியாக வேண்டும். அதற்கான தொகையைப் பொதுக்குழு ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்