காருக்கு முன்னால் வீட்டைப் பார்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே? நீ வாட்ஸாப்பில் அனுப்பிய விலைப்பட்டியல்களை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "எந்த மின்சாரக் கார் எடுக்கலாம் அப்பா" என்று கேட்டிருந்தாய். போனில் விரலால் தட்டிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் தாள் எடுத்து உட்கார்ந்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கார் எடுங்கள், எனக்கு முழுச் சம்மதம். ஆனால் புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கிள்ளான் வீட்டின் வயரிங்கை ஆள் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கார் கடையில் எப்போதும் இருக்கும். வீட்டில் சார்ஜ் ஏற்ற ஒழுங்கான வசதி இல்லாமல் அதை வாங்கினால் கையில் இருக்கிற காசும் போகும், நிம்மதியும் போகும்.

ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். இப்போது ஓட்டும் கார் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால் 80 லிட்டர். 2025 செப்டம்பர் 30இல் வந்த பூடி95 என்ற அரசாங்கச் சலுகை விலையில், பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டால், 159 வெள்ளி. அதே தூரத்துக்கு நடுத்தர மின்சார எஸ்யுவி ஒன்றுக்கு ஏறக்குறைய 160 யூனிட் போதும். சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதையும் சேர்த்தால் வீட்டு மீட்டரில் 180 ஓடும்.

இந்த 180 யூனிட்டுக்கு என்ன விலை? இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். 2025 ஜூலை 1 முதல் மின்சார வாரியமான தெனாகாவின் கட்டண முறை மாறிவிட்டது. முன்பு இருந்த படிப்படியான விலை இப்போது இல்லை. மாதம் 1,500 யூனிட்டுக்குள் எரிக்கும் வீட்டுக்கு எல்லாம் சேர்த்து யூனிட் 44.43 சென். அதிலிருந்து சிக்கனத்துக்கான கழிவு ஒன்று தருகிறார்கள். குறைவாக எரித்தால் கழிவு பெரிது; எரிப்பது கூடக் கூடக் கழிவு சுருங்கும்; 1,000 யூனிட்டைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. உன் வீட்டில் மாதம் 400 யூனிட் என்று வைத்துக்கொள். கழிவு யூனிட்டுக்கு 17 சென், கட்டுவது 110 வெள்ளி அளவில். காருக்காக 180 கூடி 580 ஆகும்போது கழிவு 9 சென்னுக்கு இறங்கிவிடும். அதுவும் கடைசி 180க்கு மட்டும் இல்லை, மொத்த 580 யூனிட்டுக்கும். பில் 205 வெள்ளிக்கு வரும். ஆக, கார் உன் பில்லில் ஏற்றுவது 95 வெள்ளி, யூனிட்டுக்கு 53 சென். புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு வாங்கும் 1.6 விழுக்காட்டு நிதியை இதில் நான் சேர்க்கவில்லை. 600 யூனிட்டைத் தாண்டினால் மாதாமாதம் மாறும் எரிபொருள் சரிக்கட்டலும், 10 வெள்ளி சேவைக் கட்டணமும், தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு வரியும் வந்து நிற்கும். முடிந்தவரை 600க்குள் இருக்கப் பாருங்கள். மாடி அறை ஏர்கான் ரொம்பப் பழசு, அதை மாற்றினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

159 எங்கே, 95 எங்கே. மாதம் 64 வெள்ளி மிச்சம். எண்ணெய் மாற்றுவது, பிளக் மாற்றுவது போன்ற சர்வீஸ் செலவும் இல்லை. நல்ல விஷயம்தான், ஆனால் பெட்ரோலில் மிச்சமாகிற காசு காரின் தவணையைக் கட்டிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே. இன்னொன்றையும் பார். வெளியில் இருக்கும் வேக சார்ஜரில் யூனிட் 1.30 வெள்ளி என்று வைத்தால், அதே 1,000 கிலோமீட்டருக்கு 210 வெள்ளி அளவில் போகும். பெட்ரோலைவிட அதிகம்! வீட்டில் சார்ஜ் ஏற்றுகிறவனுக்கு மட்டும்தான் இந்தக் கார் லாபம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி வயரிங். என் வாழ்க்கை செம்பனை ஆலையில் கரண்டோடு போனது என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். செம்பனைப் பழத்தின் நார், கொட்டை ஓடு எரித்து, நீராவியில் டர்பைன் ஓட்டி, ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தை நாங்களே உண்டாக்கிய இடம் அது. அங்கே தீ பிடித்த பெட்டிகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் காரணம் ஒரு லூசான திருகாகத்தான் இருக்கும். திருகு சரியாக இறுகாத இடத்தில் கரண்டு போகும்போது சூடு பிறக்கும். சூட்டில் திருகு இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. கொஞ்ச நேரம் ஓடும் சாமானில் இது தெரியாது. கெட்டிலும் ஏறக்குறைய 2 கிலோவாட் இழுக்கிறது, ஆனால் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். காரோடு வரும் மூன்று பின் சார்ஜர் அதே 2 கிலோவாட்டை விடிய விடிய இழுக்கும்.

அதனால் மூன்று பின் பிளக்கை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் போடவே கூடாது. சுருட்டி வைத்த வயர் தன் சூட்டிலேயே உருகும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்வருவது நாளுக்கு அதிகம் போனால் 60 கிலோமீட்டர்தான், அதற்கு 10 யூனிட் போதும். 2 கிலோவாட்டில் ஐந்தாறு மணி நேரம், 7 கிலோவாட் சுவர் சார்ஜரில் ஒன்றரை மணி நேரம். நான் சுவர் சார்ஜர் போடு என்பது வேகத்துக்காக இல்லை. அதற்கென்று டிபி பெட்டியிலிருந்து (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி) தனி வயர், தனி பிரேக்கர் வரும், பழைய சாக்கெட்டை நம்ப வேண்டியதில்லை, அதற்காக.

உங்களுடையது பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீடு, ஒற்றை பேஸ் (சிங்கிள் பேஸ்) இணைப்பு. மெயின் சுவிட்ச் 63 ஆம்ப் என்றே வைத்துக்கொண்டாலும் 230 வோல்ட்டில் பதினாலரை கிலோவாட்தான் தாங்கும். கார் 7, இரண்டு வாட்டர் ஹீட்டர் சேர்ந்து 7, அதோடு இரண்டு ஏர்கான் ஓடினால் எல்லை தாண்டிவிடும். சாயங்காலம் பிள்ளைகள் குளிக்கும் நேரத்தில் காரைச் சொருகினால் வீடே இருட்டாகும். இதற்கு வழி இருக்கிறது. வீட்டில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துத் தானே காருக்குப் போவதைக் குறைத்துக்கொள்ளும் சார்ஜர் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் இரவு 11 மணிக்குத் தொடங்கும்படி காரிலேயே நேரம் வைத்துவிடலாம். மூன்று பேஸுக்கு மாற்றச் சொல்லி யாராவது தூண்டினால் வேண்டாம் என்று சொல். உங்களுக்கு அவ்வளவு வேகம் தேவை இல்லை, செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

வயர் 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டிபி பெட்டி சமையலறைப் பக்கம் இருந்து, கார் நிற்கும் போர்ச் வரை இழுக்க வேண்டியிருந்தால் 10 போடச் சொல். கரண்டு கசிந்தால் உடனே நிறுத்தும் ஆர்சிசிபி காருக்கென்று தனியாக 30 மில்லிஆம்ப்பில் வேண்டும். பழைய வீடுகளில் வீடு முழுமைக்கும் 100 மில்லிஆம்ப்பில் ஒன்று மாட்டியிருப்பார்கள், ஆளைக் காக்க அது போதாது. இன்னொரு நுணுக்கம்: கார் சார்ஜரில் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்டு) கசிவு வரலாம், சாதாரண ஆர்சிசிபிக்கு அது கண்ணில் படாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்ப் டிசி கசிவைப் பிடிக்கும் வசதி இருந்தால் டைப் ஏ ஆர்சிசிபி போதும். இல்லாவிட்டால் டைப் பி போட வேண்டும், விலை அதிகம். வயர்மேனிடம் இந்த ஒரு கேள்வியைக் கேள். உடனே பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடு, திணறுகிறவரை அனுப்பிவிடு. நம் நாட்டு இடிமின்னலுக்கு, திடீரென ஏறும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் காப்பானும் நல்ல எர்த்தும் கட்டாயம். அம்மாவின் பயமே அதுதான், இதைச் சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

வேலை செய்கிறவர் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனாக இருக்க வேண்டும். முடிந்ததும் போராங் ஜி (வேலை முடிந்ததற்கான சான்று), போராங் எச் (சோதனைச் சான்று) இரண்டிலும் கையெழுத்து வாங்கிப் பத்திரமாக வை. நாளை ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். நானே வந்து இழுத்துக் கொடுக்க ஆசைதான். ஆனால் என்னுடையது ஆலை மின்சாதனங்களை இயக்கும் சார்ஜ்மேன் தகுதி, வயரிங் செய்து கையெழுத்துப் போடும் உரிமம் வேறு. பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

காருக்கு வருகிறேன். கடையில் "இலவச சார்ஜர்" தருவதாகச் சொன்னால் எத்தனை மீட்டர் வயர் இலவசம் என்று கேள். மிச்சத்துக்கு நீதான் கட்ட வேண்டியிருக்கும்.

நீ குறித்து வைத்ததில் எனக்குப் பிடித்தது புரோட்டான் இ.மாஸ் 7 எஸ்யுவி. 2024 டிசம்பரில் வந்தபோது அதன் பிரைம் வகை 109,800, பிரீமியம் வகை 123,800 வெள்ளி. 2022 டிசம்பரில் பிஒய்டி அட்டோ 3 வந்தபோது 149,800 என்று விற்றதை நினைத்துப் பார், விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. முழுசாக இறக்குமதியாகும் மின்கார்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 கடைசியோடு முடிந்துவிட்டது, இங்கேயே பாகங்களைப் பூட்டித் தயாராகிறவற்றுக்கு 2027 வரை உண்டு. புரோட்டானின் தஞ்சோங் மாலிம் ஆலை நம் பேராக் ஆட்களுக்கு வேலை கொடுக்கிறது என்பதும் எனக்கு ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. பெரோடுவா க்யூவி-இ 2025 டிசம்பரில் வந்தபோது 80,000 வெள்ளி என்று மலிவாகத் தெரிந்தது. ஆனால் பேட்டரி அதில் சேரவில்லை, அதற்கு மாதம் 275 வெள்ளி வாடகை என்றார்கள். ஒன்பது வருடத்துக்குக் கூட்டினால் கிட்டத்தட்ட 30,000. உருவத்திலும் சிறியது. இரண்டு பிள்ளைகளின் சீட்டும் போட்டு, பின்னால் அம்மாவும் உட்கார்ந்து வர இடம் பத்தாது. அம்மாவின் முழங்காலுக்கு எஸ்யுவி உயரம்தான் வசதி. குனியாமல் ஏறி இறங்கலாம்.

பிரைமா பிரீமியமா? மாப்பிள்ளை பிரீமியம் பக்கம் சாய்கிறார் என்று தெரிகிறது. அவரிடம் மரியாதையாகச் சொல், மாமா பிரைம் போதும் என்கிறார் என்று. பிரைமில் பேட்டரி 49.52 யூனிட், ஒரு முழுச் சார்ஜுக்குச் சோதனைக் கணக்கில் 345 கிலோமீட்டர். பிரீமியத்தில் 60.22 யூனிட், 410 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110 வேகத்தில் ஏர்கானோடு போனால் பிரைம் 270 கிலோமீட்டர் அளவில்தான் தரும். கிள்ளானிலிருந்து இங்கே 240, 250 கிலோமீட்டர் இருக்கும். நெருக்கடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாப்பா ஓய்விடத்தில் பிள்ளைகளுக்காக எப்படியும் வண்டியை நிறுத்துகிறீர்கள். 30இலிருந்து 80 விழுக்காடு ஏற 20 நிமிடம் என்கிறார்கள். அவர்கள் மைலோ குடித்து முடிப்பதற்குள் போதுமான அளவு ஏறிவிடும். வருடத்தில் சில பயணங்களுக்காக ஒன்பது வருடம் 14,000 வெள்ளிக்கு வட்டி கட்ட வேண்டுமா? அதில் ஒரு பங்கை வயரிங்கில் போடுங்கள், மீதியைப் பிள்ளைகள் பேரில் போடுங்கள். தீபாவளி, தைப்பூச நாட்களில் வேக சார்ஜரில் வரிசை நிற்கும் என்பது உண்மை. அந்த நாட்களில் மட்டும் முதல்நாள் ராத்திரியே நிறைய ஏற்றிவிட்டு, விடியற்காலை கிளம்பிவிடுங்கள்.

இரண்டிலும் பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. சூட்டை நன்றாகத் தாங்கும், அவ்வப்போது 100 விழுக்காடு ஏற்றுவதும் அதற்கு நல்லது. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம். சாலை வரி 2026 தொடக்கத்திலிருந்து மின்கார்களுக்கும் உண்டு. 160 கிலோவாட் மோட்டாருக்கு வருடம் 130 வெள்ளி, பெரிய பாரம் இல்லை. நிறத்தைப் பற்றி நான் பேசவில்லை, அதை நீயும் பேத்தியும் முடிவு செய்யுங்கள்.

நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறலாமா என்று கேட்டாய். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மாறலாம். வேலை நாட்களில் மதியம் 2 முதல் இரவு 10 வரை யூனிட்டுக்கு ஒன்றரை சென் கூட, மற்ற நேரமும் சனி ஞாயிறும் இரண்டரை சென் குறைவு. பகலில் வீடு பூட்டிக் கிடக்கிற உங்களுக்குக் கொஞ்சம் மிச்சமாகும். அதிகம் எதிர்பார்க்காதே.

நான் பிறந்த லயத்து வீட்டில் தோட்டத்து ஜெனரேட்டர் சாயங்காலம் ஓடும், ராத்திரி அணைப்பார்கள். அதன்பிறகு மண்ணெண்ணெய் விளக்கில்தான் படிப்பு. இன்று என் மகள் தன் வீட்டுச் சுவரிலிருந்து கார் ஓட்டப் போகிறாள். இதை எழுதும்போது எனக்குள் எவ்வளவு பெருமை என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் இங்கே வரும்போது சார்ஜுக்கு அலையக் கூடாது. அதனால் நம் வீட்டுப் போர்ச்சிலும் ஒரு 32 ஆம்ப் லைன் இழுக்க வயர்மேனிடம் பேசிவிட்டேன். ராத்திரி சொருகினால் காலையில் இட்லி வேகிற நேரத்துக்கு வண்டி நிறைந்திருக்கும். காசு என்னுடையது, நீ அதைப் பற்றிப் பேசக்கூடாது.

இந்தக் கிழமைக்குள் எனக்கு மூன்று படம் அனுப்பு: மீட்டர், டிபி பெட்டியின் முன்பக்கம், போர்ச் சுவர். பெட்டியின் உள் மூடியைக் கழற்றாதே, வெளிக்கதவைத் திறந்தால் போதும். மெயின் சுவிட்சில் எத்தனை ஆம்ப் என்று எழுதியிருக்கிறதோ அது தெளிவாகத் தெரிய வேண்டும். டிபியிலிருந்து கார் நிற்கும் இடம் வரை மாப்பிள்ளையை டேப் வைத்து அளக்கச் சொல். சுவரோரமாக, வயர் போகிற வழியில் அளக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு நான் வயர் கணக்குப் போட்டுத் தருகிறேன், அப்புறம் புக்கிங் போடலாம்.

அம்மா முருங்கைக்கீரையும் ஊறுகாயும் அனுப்பச் சொன்னாள், மாமா மகன் கிள்ளான் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா