ஸ்டோக்கிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்

அன்பு நண்பா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல்.

காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தாய். இங்கிலாந்தின் இந்த ஸ்டோக் ஊரில் ஞாயிறு என்றால் ஓட்கேக்தான். பெயரைப் பார்த்து கேக் என்று நினைக்காதே. ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் ஈஸ்ட் சேர்த்துக் கரைத்து, பொங்கியதும் சூடான கல்லில் ஊற்றுகிறார்கள். மேலே பொடிப்பொடியாகத் துளை விழும். துணி மாதிரி மடியும். ஸ்காட்லாந்தில் இதே பெயரில் விற்பது மொறுமொறு பிஸ்கட், அது வேறு. இங்கே உள்ளே சீஸும் பேக்கனும் வைத்துச் சுருட்டுவார்கள். எனக்கு சீஸும் காளானும் போதும்.

இது பீங்கான் செய்யும் ஊர். ஒரு காலத்தில் வீட்டு முன்னறை ஜன்னல் வழியாகவே ஓட்கேக் விற்றிருக்கிறார்கள். அப்படி விற்ற கடைசிக் கடை இங்கே ஹான்லி என்ற பகுதியில் இருந்தது. 2012 மார்ச்சில் மூடிவிட்டார்கள். நான் வந்தது அதற்குப் பிறகு. அந்த ஜன்னலில் ஒருநாள்கூட நிற்க முடியாமல் போனது இன்னும் மனதில் உறுத்துகிறது.

நான் வாங்கும் கடையில் ஒரு பாட்டி, "இந்தியாவில் சப்பாத்தி தின்று பழகிய எங்கள் சிப்பாய்கள் திரும்பி வந்து செய்து பார்த்ததுதான் இது" என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் என்னால் நம்ப முடியவில்லை. ஓட்ஸ் என்பது இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர் தின்பது என்று தன் அகராதியில் எழுதிய சாமுவேல் ஜான்சன் எங்கள் ஸ்டோக் இருக்கும் இதே ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் லிச்ஃபீல்டுக்காரர். 1776இல் அவருடன் அங்கே போன நண்பர் பாஸ்வெல், ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், காலை உணவுக்கு மெத்தென்ற ஓட்கேக் வைத்தார்கள் என்று குறித்திருக்கிறார். பாஸ்வெல் ஸ்காட்லாந்துக்காரர். ஜான்சனின் சொந்த ஊரிலேயே ஜனங்கள் ஓட்ஸ் தின்பதைப் பார்த்து அவருக்கு எவ்வளவு மகிழ்ச்சி!

குளிரும் ஈரமுமான இந்த மேட்டு நிலத்தில் கோதுமை சரியாக விளையாது, ஓட்ஸ் விளையும். விளைந்ததை அரைத்துக் கல்லில் ஊற்றியிருக்கிறார்கள். அதற்குச் சிப்பாய் எதற்கு? அந்தப் பெருமை முழுவதும் இந்த ஊருக்கே சேரட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். புறப்படும் அன்று காலையில் ஒரு டஜன் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவேன், இரண்டு நாள் தாங்கும். நீ தோசைக்கல்லைக் காயவைத்து வை.

அன்புடன்,
உன் நண்பன்