குரல் அறுபடுவது லைன் வேகத்தால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

அலுவலக ஐபி போன்களில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால் இணைய வேகத்தைக் கூட்டுங்கள் என்று தங்கள் வணிகப் பக்கத்தில் ஆலோசனை சொல்லியிருந்தீர்கள். கணக்குப் பார்த்தால் இது பொருந்தவில்லை. குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு நொடிக்கு 50 பாக்கெட் (சிறு தரவுப் பொட்டலம்), ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல். பாக்கெட்டின் முகவரிப் பகுதியான ஐபி ஹெட்டரையும் சேர்த்தால் ஒரு திசைக்கு 80 கிலோபிட். 30 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 2.4 மெகாபிட்தான். 100 மெகாபிட் லைனில் இதற்கா இடமில்லை?

உண்மையில் நடப்பது வேறு. யாரோ பெரிய பேக்கப்பை ஓடவிடுகிறார்; சுவிட்ச் போர்ட்டில் பாக்கெட்கள் காத்திருக்கும் வரிசை ஒரு கணம் நிரம்புகிறது; குரல் பாக்கெட் அதன் வாலில் மாட்டுகிறது, இல்லையேல் உதிர்கிறது. குரலை முன்னே விடச் சொல்லும் ஏற்பாடுதான் கியூஓஎஸ். அதைப் பாதியில் விட்டால் செய்யாமல் இருப்பதைவிடக் கேடு.

பல இடங்களில் இன்னும் ஓடும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, 3750 சுவிட்ச்களையே எடுத்துக்கொள்வோம். கியூஓஎஸ்ஸை இயக்க ‘எம்எல்எஸ் கியூஓஎஸ்’ என்று ஒரு வரி கொடுத்தவுடன் எல்லா போர்ட்டும் ‘நம்பாத’ நிலைக்குப் போய்விடும். டிஎஸ்சிபி என்பது பாக்கெட்டின் முன்னுரிமையைச் சொல்லும் எண்; குரல் என்று காட்டப் போன் தன் பாக்கெட்டில் இட்டு அனுப்பும் டிஎஸ்சிபி 46 என்ற குறியை சுவிட்ச்சே அழித்து 0 ஆக்கும். அதுவரை பொதுவாக இருந்த பஃபர் (பாக்கெட்கள் காத்திருக்கும் நினைவகம்), நான்கு வரிசைகளுக்கும் 25 சதவீதமாகப் பிரியும். சாதாரண டேட்டாவுக்கு இடம் சுருங்கி, ஃபைல் காப்பி மந்தமாகும். ‘கியூஓஎஸ் போட்டதும் நெட்வொர்க் படுத்துவிட்டது’ என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே அந்த வரியோடு நிற்காமல், சுவிட்ச்களை இணைக்கும் அப்லிங்க் ஒவ்வொன்றிலும், இரு முனையிலும், டிஎஸ்சிபி ட்ரஸ்ட், அதாவது வரும் குறியை நம்பச் சொல்லும் கட்டளை, கொடுக்க வேண்டும். ஒரு முனை விட்டுப்போனாலும் குறி அங்கே அழிந்துவிடும். போன் செருகும் போர்ட்டில் போன் இருப்பது தெரிந்தால் மட்டும் நம்பும்படி வைப்பது நல்லது. ஏனெனில் எந்தக் கணினியும் தனக்குத் தானே 46 போட்டுக்கொள்ள முடியும். அங்கே டிஎஸ்சிபிக்குப் பதில் காஸ் ட்ரஸ்ட் (காஸ் என்பது ஈதர்நெட் மட்டத்தில் இடும் முன்னுரிமைக் குறி) என்றால் இன்னொரு கண்ணி: இயல்பு அட்டவணையில் காஸ் 5 என்பது டிஎஸ்சிபி 40 ஆகிறது, 46 அல்ல. அதைக் கையால் மாற்ற வேண்டும். கடைசியாக, குரல் வரிசையை முதலில் காலி செய்யச் சொல்லும் ‘பிரயாரிட்டி க்யூ அவுட்’ கட்டளையைப் போர்ட் போர்ட்டாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குரலுக்கான முதல் வரிசை, போர்ட் வேகத்தில் 25இல் ஒரு பங்கிலேயே கட்டுண்டு கிடக்கும். புதிய கேட்டலிஸ்ட் 9000 ரகச் சுவிட்ச்கள் இயல்பாகக் குறியை அழிப்பதில்லை. இந்தத் தலைவலி அங்கே குறைவு.

இத்தனையும் அலுவலகத்துக்குள் மட்டும். வெளியே போகும் லைன் 100 மெகாபிட், ஆனால் செருகியிருப்பது 1 கிகாபிட் போர்ட் என்றால் உங்கள் பக்கம் வரிசை தேங்கவே தேங்காது. சேவை நிறுவனத்தின் பெட்டியில்தான் தேங்கும். உங்கள் குறியை அது மதிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ரவுட்டரில் வெளியேறும் வேகத்தை 95 மெகாபிட்டுக்கு ஷேப் செய்து (அதற்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தி), அதற்குள் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் தேக்கம் நம் கைக்குள் வரும். வைஃபை வழியாகப் பேசுவோருக்கு ஒன்று: பல ஆக்செஸ் பாயின்ட்கள் (வைஃபை பெட்டிகள்) 46இன் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்துக் குரலை வீடியோ வகையில் போட்டுவிடும். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் இதைத் திருத்தச் சொல்கிறது.

வேலை முடித்துக் கொடுப்பவரிடம் ‘போட்டாச்சு’ என்ற பதிலோடு விடக் கூடாது. ஓர் அழைப்பு ஓடும்போது, போன் போர்ட்டிலும் ரவுட்டரை நோக்கிய அப்லிங்க்கிலும் புள்ளிவிவரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்லிங்க்கில் வெளியேறும் டிஎஸ்சிபி பட்டியலில் 46க்கு நேரே உள்ள எண் நொடிக்கு ஐம்பது வீதம் ஏற வேண்டும். 46 ஏறாமல் 0க்கு நேரே மட்டும் ஏறினால், ட்ரஸ்ட் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியாளர்கள்,
கோவை