எகிறிய தேடலும் அதிகத் தேடலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டு முடிந்தால் 'மக்கள் அதிகம் தேடியவை' என்று ஒரு பட்டியல் செய்தியாகிவிடுகிறது. அந்தத் தலைப்பே பாதி தவறு. கூகுளின் ஆண்டுப் பட்டியலில் முக்கியமாக இடம்பிடிப்பவை, முந்தைய ஆண்டைவிடத் திடீரென எகிறிய தேடல்கள். மொத்த எண்ணிக்கையில் பார்த்தால் யூடியூப், ஃபேஸ்புக், வானிலை என்று தினமும் தட்டும் சலிப்பான சொற்கள்தான் முன்னால் நிற்கும். தேடல்களின் ஏற்ற இறக்கத்தை 0 முதல் 100 வரை வரைந்து காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் தளத்தில் வரும் 100 என்பதும் ஆள் கணக்கு அல்ல; குறிப்பிட்ட காலத்தில் அந்தத் தேடல் தொட்ட உச்சம், அவ்வளவுதான்.

தேடுவது ஆர்வத்தால் மட்டுமா? பயத்தாலும்தான். தேடல்களை வைத்தே ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்க 2008-இல் கூகுள் ஒரு திட்டம் தொடங்கியது. அமெரிக்காவில் 2012-13 குளிர்காலத்தில் அந்தக் கணிப்பு, மருத்துவர்களிடம் போனவர்களின் கணக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. காய்ச்சல் செய்தியைப் படித்துப் பதறித் தேடியவர்களும் அதில் சேர்ந்திருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். 2015-இல் கடையைக் கட்டியாயிற்று.

பிரபலம் ஒருவர் இறந்தால் அவரைப் பற்றிய தேடலின் வரைபடம் ஊசிபோல எழும்பி, சில நாளில் தரை தட்டும். அந்த ஊசிக்குக் கீழே ஜனங்கள் கேட்டிருப்பதைப் பாருங்கள்: 'வயது என்ன', 'எப்படி இறந்தார்', 'மனைவி யார்'. இதற்கெல்லாம் பதில் செய்தியின் ஏழாவது பத்தியில் இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது. பட்டியலை அப்படியே அச்சிடுவதற்குப் பதில் அந்தக் கேள்விகளை எடுத்து எழுதுங்களேன். நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்