ஜெய்சல்மேரில் நான்கு இரவு தங்கல் என்று விற்ற பயணம் குறித்துப் புகார்

அனுப்புநர்: பதிவு விவரத்தில் உள்ள வாடிக்கையாளர், திண்டிவனம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை அலுவலகம்.

பொருள்: டிசம்பர் 26 முதல் 30 வரையிலான ஜெய்சல்மேர் பயணத்தில் நேர்ந்த குறைகள், திருப்பித் தர வேண்டிய தொகை.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. அரையாண்டு விடுமுறையில் கணவர், மகன், 71 வயதான என் அம்மா ஆகியோருடன் உங்கள் நிறுவனம் மூலம் ஜெய்சல்மேர் போய் வந்தேன். நான்கு பேருக்கு 1,06,000 ரூபாய் முன்பணமாகவே கட்டிவிட்டோம். பயணம் முடிந்து வந்து இரண்டு முறை தொலைபேசியில் சொல்லியும் சரியான பதில் இல்லாததால் எழுத்தில் தருகிறேன்.

எத்தனையோ நிறுவனங்கள் இருக்க உங்களிடம் வந்ததற்கு ஒரே காரணம்தான். மற்றவர்கள் எல்லாம் ஜெய்ப்பூர், உதய்ப்பூர், ஜோத்பூர் என்று ஓடிவிட்டுக் கடைசியில் ஜெய்சல்மேருக்கு ஒரு ராத்திரி ஒதுக்கினார்கள். நீங்கள் மட்டும்தான் "நான்கு இரவும் ஒரே விடுதி, தினமும் காலையில் ஒரு திசைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் ஊருக்குத் திரும்பலாம்" என்று போட்டிருந்தீர்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். சின்ன ஊர், கோட்டையைச் சுற்றி நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் அதைச் சுற்றியுள்ள தார் பாலைவனத்துக்கு நாலு நாள்கூடப் போதாது. மூட்டுவலி உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு தினமும் பெட்டி கட்டவும் முடியாது. இதையெல்லாம் பதிவு செய்தபோதே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன்.

நடந்தது வேறு. நான்கு இரவில் மூன்று இடத்தில் படுத்தோம்.

முதல் இரவு கோட்டைக்குள் இருந்த ஒரு பழைய வீட்டு விடுதி. கோட்டைக்குக் கீழே, லிப்ட் உள்ள இடம் வேண்டும் என்றுதான் கேட்டிருந்தேன். ஆட்டோ இறக்கிவிட்ட சதுக்கத்திலிருந்து கல் பாவிய சந்துகளில் நடந்து, முழங்கால் உயரப் படிகள் ஏறித்தான் அறைக்குப் போக வேண்டும். அம்மா ஒவ்வொரு படியிலும் சுவரில் கை ஊன்றி நின்று நின்று ஏறினார். கோட்டைக்குள் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1156-இல் மன்னர் ராவல் ஜைசல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. தண்ணீரைக் கீழிருந்து சுமந்து வந்து சிக்கனமாகச் செலவழித்த காலத்துக் கட்டடம். இப்போது குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் அடிமண்ணில் இறங்கி, சில கொத்தளங்கள் சரிந்தே போயிருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியூர்க்காரர்களான நாமும் போய் அங்கே இரண்டு வேளை குளிக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அதையும் உங்கள் ஊழியரிடம் சொல்லியிருந்தேன். "கட்டாயம் மேடம்" என்றார்.

இரண்டாம் நாள் காலை, பெட்டியோடு கிளம்பச் சொன்னார்கள். பழைய தலைநகரமான லோதுர்வா திட்டத்தில் இருந்தது, போகவில்லை. பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன குல்தரா கிராமத்தில் 20 நிமிடம். பேய்க் கதை கேட்க நான் அங்கே போகவில்லை. ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் மழைகூட ஒழுங்காகப் பெய்யாத இடத்தில் அந்த மக்கள் எப்படிக் கோதுமை விளைவித்தார்கள் என்று பார்க்கப் போனேன். 'காடின்' என்கிறார்கள். பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்ந்த இடத்தில் கரை கட்டி நிறுத்துவார்கள். நம் ஊர் ஏரியிலிருந்து மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர் விடுகிறோம். அங்கே தண்ணீர் தேங்கின நிலமேதான் வயல். ஈரம் மண்ணில் இறங்கியதும் அதிலேயே உழுது கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். ஒரு காடின் எங்கள் சாலையோரமே வந்தது. பழுப்பு நிலத்துக்கு நடுவில் பச்சைக் கோதுமை, கார் ஜன்னல் வழியாக ஒரு நிமிடம் தெரிந்தது. நிறுத்தச் சொன்னேன். கூடாரத்துக்கு மூன்று மணிக்குள் போயாக வேண்டுமாம், நிறுத்தவில்லை.

அந்தக் கூடாரம் எங்கள் திட்டத்திலேயே இல்லை. அமைதியான கிராமம் என்பதால் கூரி மணல்மேட்டில் கடைசி நாள் சாயங்காலம் என்று எழுதியிருந்தீர்கள். கொண்டுபோய்விட்டது சாம் மணல்மேட்டில், கூடாரங்கள் வரிசையாக நெருக்கிக் கிடக்கும் இடத்தில். நாட்டுப்புற இசை என்றிருந்ததே, அதைச் சொல்கிறேன். மாங்கணியார் பெரியவர் ஒருவர், வில்லால் வாசிக்கும் கமாய்ச்சா என்ற நரம்புக் கருவியை மடியில் வைத்து வாசிக்க உட்கார்ந்தார். தலைமுறைகளாகப் பாட்டையே தொழிலாகக் கொண்ட சமூகம் அது. இரண்டு பாட்டு முடிந்ததும் கூடார மேலாளர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பெரியவர் வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுவதற்குள் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு தொடங்கிவிட்டது. எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. சத்தம் இரவு ஒரு மணி வரை ஓயவில்லை. அம்மா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, சால்வையைப் போர்த்தியபடி கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தில்தான் அழிவின் விளிம்பில் உள்ள கானமயில் என்ற பறவை பிழைத்திருக்கிற பாலைவன தேசியப் பூங்காவும் இருக்கிறது. அங்கே இரவு இப்படிக் கழிகிறது என்றால் என்ன சொல்வது?

மூன்றாம், நான்காம் இரவுகள் ஜோத்பூர் நெடுஞ்சாலையில், ஊரைவிட்டு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு விடுதி. சாப்பாடும் அறையும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் சாயங்காலம் கடீசர் ஏரிக்கரையில் உட்காரலாம், பட்வா ஹவேலிகள் என்ற பழைய வணிகர் மாளிகைகள் இருக்கும் தெருவில் நடக்கலாம் என்று நினைத்திருந்ததெல்லாம் போனது. ஊரைத் தளமாக வைத்துக்கொள்ள வந்தவர்கள் ஊருக்குள்ளேயே இல்லை.

இனி வாகனம். மூன்றாம் நாள் எல்லைப் பக்கத்துத் தனோட் மாதா கோயிலும், 1971 போர் நடந்த லோங்கேவாலாவும். காலை ஏழு மணிக்கு வாசலில் வைத்து ஓட்டுநர் ஒரு தாளைக் காட்டினார். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர்தான், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று அதில் இருந்தது. தனோட் மட்டுமே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தூரம். இரண்டையும் பார்த்துத் திரும்பினால் 80-க்குள் எப்படி முடியும்? இந்த இரண்டு இடத்தையும் திட்டத்தில் எழுதியவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? எங்களுக்குத் தந்த தாளில் வரம்பு என்ற பேச்சே இல்லை. அன்று 270 கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்குப் போட்டு 3,420 ரூபாய் கையில் வாங்கினார்கள். ஓட்டுநர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குக் கொடுத்த தாள் வேறு, எங்களுக்குக் கொடுத்த தாள் வேறு. மலைப்பாதைக்குப் போவதுபோல் ஒவ்வொரு வளைவிலும் அம்மாவுக்காக வேகத்தைக் குறைத்து ஓட்டிய நல்ல பையன்.

நான்காம் நாள், கல்லாக மாறிய பழங்கால மரங்கள் உள்ள ஆகல் கல்மரப் பூங்கா. இதைத்தான் நான் மிகவும் எதிர்பார்த்துப் போனேன். எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருவக்கரைக் கல்மரங்களுக்கு வருடா வருடம் பிள்ளைகளை அழைத்துப் போகிறவள் நான். அவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை. ஆகலில் இருப்பவை சுமார் 18 கோடி ஆண்டு. இன்று முள்ளும் மணலுமாக இருக்கிற இடத்தில் அன்று காடு இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பார்மேர் சாலையில் ஊரிலிருந்து 17 கிலோமீட்டர்தான். உங்கள் அலுவலகத்தைக் கூப்பிட்டால், "மேடம், அங்கே வெறும் கல்லுதான், யாரும் போகமாட்டாங்க, லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம்" என்றார்கள். யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? 1,800 ரூபாய் கொடுத்து வேறு கார் பிடித்துப் போனோம். தகரக் கூரைக்குக் கீழே, கம்பி வேலிக்குள் படுத்துக் கிடந்தது ஒரு மரம். பட்டையின் வரிகூட அப்படியே இருந்தது. அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்து, "திருவக்கரையில பார்த்த மாதிரியே இருக்கு" என்றார். நான்கு நாளில் அவர் முகம் மலர்ந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அன்று மாலை போயிருக்க வேண்டிய கூரி, வரம்பைக் காரணம் காட்டி அடியோடு ரத்தானது.

நான் கேட்பது இவை. தனோட் பயணத்துக்கு வாங்கிய 3,420 ரூபாய், ஆகலுக்கு நாங்கள் செலவழித்த 1,800 ரூபாய், கூரிக்கென்று உங்கள் ரசீதிலேயே தலைக்கு 1,200 வீதம் போட்டிருக்கும் 4,800 ரூபாய், ஆக 10,020 ரூபாய் திரும்ப வர வேண்டும். நகருக்குள் விடுதி என்று வாங்கிய வாடகைக்கும் நீங்கள் உண்மையில் கட்டிய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று விடுதிகளின் ரசீதோடு கணக்கிட்டுத் தர வேண்டும். அப்புறம், கிலோமீட்டர் வரம்பையும் ஒவ்வொரு இடத்தின் தூரத்தையும் விடுதி இருக்கும் இடத்தையும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். பணத்தைவிட இதைத்தான் அழுத்திக் கேட்கிறேன். என் பள்ளியிலேயே இரண்டு ஆசிரியர்கள் அடுத்த குளிர்காலத்தில் இதே பயணத்துக்குப் போக உங்கள் தாளை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தேவை. வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி எங்கள் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். நீங்கள் அனுப்பிய திட்டம், ஓட்டுநரிடம் இருந்த தாளின் புகைப்படம், மின்னஞ்சல்கள், ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்